துளை வழியே ஆபரேஷன்... டாக்டரின் கண் ஏமாறாமல் இருப்பது எப்படி?

ஒரு நிமிஷம்! மேலே படிப்பதற்கு முன் இரண்டு பேனாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். கைக்கு ஒன்றாகப் பிடித்து, இரண்டு கைகளையும் முன்னால் நன்றாக நீட்டுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பக்கவாட்டிலிருந்து இரண்டு பேனா முனைகளையும் கொண்டுவந்து ஒன்றோடொன்று தொடச் செய்யுங்கள். சட்டென்று செய்ய வேண்டும். தடவித் தடவிப் பார்க்கக் கூடாது.

என்ன, தொட்டதா? பெரும்பாலும் தொட்டிருக்காது. ஒரு முனை முன்னாலும் இன்னொன்று பின்னாலுமாகப் போய் ஒன்றையொன்று தாண்டியிருக்கும். இப்போது இரண்டு கண்களையும் திறந்துகொண்டு செய்யுங்கள். சுலபமாகத் தொட்டுவிடும்.

ஒற்றைக் கண்ணால் நீங்கள் திண்டாடினீர்களே, அதே வேலையை ஒரு அடிக்குச் சற்று அதிகமான நீளமுள்ள குச்சிகளை வைத்துக்கொண்டு, இருட்டான ஒரு பானைக்குள், பானையைப் பார்க்காமல் எதிரே இருக்கும் டி.வி.யைப் பார்த்தபடி செய்யச் சொன்னால்? சாவித்துவார ஆபரேஷன் என்று நீங்கள் சொல்லும் லேப்ராஸ்கோப்பியில் நாங்கள் அன்றாடம் செய்வது அதைத்தான்.

பித்தப்பைக் கல், குடல்வால், குடலிறக்கம், கர்ப்பப்பைக் கட்டி என்று இன்று எதற்கெடுத்தாலும் இந்த முறைதான். ஆபரேஷனுக்கு முன்னால் குடும்பத்தோடு வந்து உட்காருகிறவர்கள் நிறையக் கேள்வி கேட்பார்கள். "எத்தனை ஓட்டை போடுவீங்க? தழும்பு தெரியுமா? எத்தனை நாள்ல ஆபீஸ் போகலாம்? இன்ஷூரன்ஸ் எவ்வளவு தருவான்?" எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் ஒரே ஒரு அம்மாள்தான் இதுவரை என்னிடம் இப்படிக் கேட்டிருக்கிறார்: "ஏன் டாக்டர், வயித்தைத் திறக்காம உள்ள இருக்கிறது உங்களுக்கு எப்படிச் சரியாத் தெரியும்? மாத்தி எதையாவது வெட்டிட மாட்டீங்களே?"

கூட வந்த மகன், "சும்மா இரும்மா" என்று அடக்கினார். ஆனால் அந்த அம்மாள் கேட்டதுதான் இந்த ஆபரேஷனின் உயிர்நாடியான கேள்வி!

வயிற்றுக்குள் ஒரு கூடாரம்

நமது வயிற்றில் குடலும் கல்லீரலும் மற்றவையும் இடைவெளி இல்லாமல் நெருக்கமாக அடைந்து கிடக்கின்றன. அப்படியே கேமராவை விட்டால் ஒன்றும் தெரியாது. அதனால் முதலில் தொப்புள் அருகே ஒரு சிறு துளை வழியாகக் கரியமில வாயுவைச் செலுத்துவோம். 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வரை. வயிற்றுச் சுவர் கூடாரம் போல மேலே தூக்கிக்கொள்ளும். அந்தக் கூடாரத்துக்குள் 10 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு தொலைநோக்கிக் குழாய். அதன் பின்னால் வீடியோ கேமராவும் வெளிச்சத்துக்கு ஒரு கேபிளும். வேறு இரண்டு மூன்று துளைகளில் நீண்ட இடுக்கிகள், கத்தரி. அவ்வளவுதான் சாமான்கள்.

ஆரம்ப காலத்தில் வீடியோவும் கிடையாது. டாக்டர் குனிந்து, குழாயின் முனையில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் உதவியாளருக்கு ஒன்றும் தெரியாது. ஜெர்மனியில் எரிக் மூஹே 1985-ம் ஆண்டு இந்த வழியில் முதன்முதலாகப் பித்தப்பையை எடுத்தார். சக டாக்டர்களே அவரை நம்பவில்லை, கேலி செய்தார்கள். 1987-ல் பிரான்சில் லியோன் நகரத்து ஃபிலிப் மூரே செய்த பிறகு, காட்டுத்தீ போல உலகம் முழுக்கப் பரவியது. அதற்குள் சின்ன வீடியோ கேமராக்களும் வந்துவிட்டதால் தியேட்டரில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே படத்தைப் பார்க்க முடிந்தது. நம் நாட்டில் 1990-ல் மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் டாக்டர் டெஹெம்டன் உத்வாடியா முதல் பித்தப்பை ஆபரேஷனை இந்த முறையில் செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் கோவை, சென்னை என்று இங்கேயும் வந்துவிட்டது.

தழும்பு சின்னதாகிவிட்டது. வலி குறைந்துவிட்டது. ஆனால் டாக்டரின் கண்ணிலிருந்தும் கையிலிருந்தும் சில விஷயங்கள் பறிபோயின. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வலது பக்கம் போகச் சொன்னால் இடது பக்கம் போகும்!

முதல் பிரச்னை, நீங்கள் பேனாவில் பார்த்ததுதான். நம் இரண்டு கண்களும் சற்றே வேறுபட்ட இரண்டு படங்களை எடுக்கின்றன. மூளை அவற்றை ஒட்டிப் பார்த்து ஆழம் கண்டுபிடிக்கிறது. டி.வி. திரை தட்டை. அதில் இடுக்கியும் ரத்தக்குழாயும் ஒட்டிக்கொண்டு தெரியும். நிஜத்தில் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி இருக்கலாம்.

இரண்டாவது, இன்னும் விசித்திரம். வீட்டில் பழைய செருப்பு அட்டைப்பெட்டி இருந்தால் மூடியில் ஒரு ஓட்டை போட்டு, நீளமான கரண்டிக் காம்பை உள்ளே விடுங்கள். கையை வலது பக்கம் நகர்த்தினால் உள்ளே இருக்கும் முனை இடது பக்கம் போகும். கையைத் தாழ்த்தினால் முனை உயரும். துடுப்புப் போடுகிறவருக்கு இது பழக்கம். ஓட்டைதான் நெம்புகோலின் நடுப்புள்ளி, அதனால் எல்லாமே தலைகீழ்! அதோடு விட்டதா? காம்பு பாதிக்கு மேல் உள்ளே போயிருந்தால், கை கொஞ்சம் நகர்ந்தாலே முனை அதைவிட அதிகமாக நகரும். கொஞ்சமாக உள்ளே போயிருந்தால் கை நிறைய நகர வேண்டும், முனை கொஞ்சமாக நகரும். ஒரே ஆபரேஷனில் இந்தக் கணக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் மாறிக்கொண்டே இருக்கும். முருங்கை மரத்தில் தொரட்டியால் காய் பறிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கையில் ஒரு சின்ன நடுக்கம், தொரட்டி முனையில் ஒரு முழம் ஆட்டம். அதே சங்கதிதான்.

மூன்றாவதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மேற்படிப்பு படித்தபோது முதல் ஆறு மாதம் எனக்குக் கிடைத்த வேலை கேமரா பிடிப்பது. 'என்னடா இது, கல்யாண வீட்டு வீடியோக்காரன் வேலை' என்று உள்ளுக்குள் சலிப்பு. ஒரு நாள் கை வலித்ததால் கேமராவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துவிட்டேன். எனக்குத் தெரியவேயில்லை. சீஃப் கையிலிருந்த இடுக்கி அப்படியே நின்றது. "ஏம்பா, கல்லீரல் என்ன தூங்கிப்போச்சா? நிமிர்த்துப்பா" என்றார். அப்போதுதான் பார்த்தேன், திரையில் மொத்த வயிறும் முப்பது டிகிரி சரிந்து கிடந்தது! வெளியே டாக்டர் நேராக நிற்கிறார். அவர் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'நேராக இருக்கிறாய்' என்கிறது. கண் 'சாய்ந்திருக்கிறாய்' என்கிறது. சாய்ந்த படத்தில் 'மேலே' என்று நினைத்து வெட்டினால் அது பக்கவாட்டில் போகும். அன்றைக்குப் பிறகு கேமரா பிடிப்பதைக் கேவலமாக நினைத்ததில்லை. ஆபரேஷன் செய்கிறவரின் கண் அந்த நேரத்தில் ஒரு ஜூனியர் டாக்டரின் மணிக்கட்டில்தான் இருக்கிறது.

இதில் இன்னொரு சூட்சுமம். பெரும்பாலும் நாங்கள் பயன்படுத்தும் குழாயின் முனை நேராக இருக்காது, 30 டிகிரி சாய்வாக வெட்டியிருக்கும். குழாயை நகர்த்தாமல் அதைத் தன் அச்சில் சுழற்றினாலே மூலைக்கு மூலை எட்டிப் பார்க்கலாம், தெருமுனையில் கழுத்தை நீட்டிப் பார்ப்பது போல. வெளிச்சக் கேபிள் மேலே இருந்தால் பார்வை கீழே போகும். கேபிள் இடதில் இருந்தால் பார்வை வலதில். கேமராவை அசையாமல் பிடித்துக்கொண்டு கேபிளை மட்டும் சுழற்ற வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் சேர்த்துச் சுழற்றிவிடுவார்கள். திரையில் வயிறு ராட்டினம் சுற்றும்!

நோயாளிக்கு மறுபக்கம் நிற்கும் உதவியாளர் பாடு இன்னும் மோசம். கேமரா அவரை நோக்கிப் பார்ப்பதால் அவர் கை போகும் திசையும் படத்தில் தெரியும் திசையும் கண்ணாடிப் பிம்பம் போல மாறிவிடும். முகம் பார்க்கும் கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டு, கையைப் புத்தகத்தால் மறைத்து, காகிதத்தில் ஒரு நட்சத்திரம் வரைந்து பாருங்கள். எவ்வளவு படித்தவரானாலும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கிறுக்கல்தான் வரும்.

கடைசியாகத் தொடு உணர்ச்சி. கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி போட்டுத் தேடுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கயிற்றைப் பிடித்திருக்கும் கைக்கு மட்டும் 'டங்'கென்று தெரியும். வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்த பழைய தலைமுறை டாக்டர்களுக்கு விரலே கண். குழாயை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டி, கல் இருக்கிறதா, ரத்தம் துடிக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். லேப்ராஸ்கோப்பியில் அது பெருமளவு போய்விட்டது. கண் தப்புச் செய்தால் திருத்துவதற்கு விரல் இல்லை.

முன்னே போகிறவர் மாமாதானா?

இவையெல்லாம் கையைக் குழப்பும் சங்கதிகள். பழகினால் சரியாகிவிடும். இவற்றைவிட ஆபத்தானது, மூளை ஏமாறுவது. அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் உடற்கூறு தேவைப்படுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லீரலில் ஊறும் பித்தநீர் ஒரு முக்கியக் குழாய் வழியாகக் குடலுக்குப் போகிறது. இதுதான் பொதுப் பித்தக்குழாய், ஊருக்கே தண்ணீர் கொண்டுபோகும் மெயின் பைப் மாதிரி. பித்தப்பை அதிலிருந்து ஒரு கிளைக்குழாயால் தொங்கும் தொட்டி. ஆபரேஷனில் வெட்ட வேண்டியது கிளைக்குழாயையும், பித்தப்பைக்குப் போகும் சின்ன ரத்தக்குழாயையும் மட்டுமே. மெயின் பைப்பைத் தொடவே கூடாது. தொட்டால்? பித்தநீர் வயிற்றுக்குள் கசியும். அல்லது அடைபட்டுக் கடும் மஞ்சள் காமாலை வரும். மறுபடி பெரிய ஆபரேஷன் செய்து குடலைக் கல்லீரலோடு இணைக்க வேண்டிவரும். இரண்டு நாளில் வீட்டுக்குப் போக வேண்டியவர் மாதக்கணக்கில், சிலர் வருஷக்கணக்கில் அவதிப்படுவார்கள். உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு.

இது எத்தனை பேருக்கு நடக்கிறது? பல ஆய்வுகளின் கணக்குப்படி லேப்ராஸ்கோப்பியில் ஆயிரத்துக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு. வயிற்றைத் திறந்து செய்த காலத்தில் ஆயிரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு. அபூர்வம்தான். ஆனால் பித்தப்பை ஆபரேஷன்கள் லட்சக்கணக்கில் நடப்பதால் இந்த அபூர்வம் சின்ன எண்ணிக்கை அல்ல.

கைத்திறமை இல்லாதவர்கள் செய்யும் தப்பு என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்து டாக்டர் லாரன்ஸ் வேயும் குழுவினரும் இப்படிக் குழாய் காயப்பட்ட 252 கேஸ்களை, ஆபரேஷன் குறிப்புகளையும் கிடைத்த வீடியோக்களையும் வைத்துக்கொண்டு அலசினார்கள். 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். கைத்திறமைக் குறையால் நடந்தது 3 சதவிகிதம்தான். மீதி 97 சதவிகிதத்திலும் மூல காரணம் பார்வை மயக்கம்! பெரிய குழாயைக் கிளைக்குழாய் என்று டாக்டர் மனப்பூர்வமாக நம்பி, மிக நேர்த்தியாக, கை நடுங்காமல் வெட்டியிருக்கிறார்.

எப்படி முடியும் என்கிறீர்களா? கோயம்பேடு பஸ் நிலையத்தில் நீங்கள் மாமாவுக்காகக் காத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்னால் ஒருவர் போகிறார். அதே வழுக்கை, அதே வெள்ளைச் சட்டை, அதே மஞ்சள் பை. 'மாமா!' என்று தோன்றிய கணமே அவர் நடையும் மாமா நடை மாதிரியே தெரியும். முதுகைத் தட்டிய பிறகுதான், அசடு வழிய, அவர் வேறு யாரோ என்று தெரிகிறது. மூளை முதலில் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. பிறகு வருவதையெல்லாம் அந்த முடிவுக்குச் சாட்சியாக்கிக்கொள்கிறது. ஒத்துவராததைக் கண்டுகொள்வதே இல்லை.

பித்தப்பையின் நுனியை நாங்கள் இடுக்கியால் பிடித்துத் தலைப்பக்கமாகத் தூக்குவோம். அப்போது கிளைக்குழாயும் மெயின் குழாயும் இழுபட்டு ஒரே நேர்க்கோட்டில் வந்துவிடும். கேமராவோ தொப்புளிலிருந்து, கீழேயிருந்து மேல்நோக்கிப் பார்க்கிறது. வீக்கமும் கொழுப்பும் மேலே மூடியிருக்கின்றன. பித்தப்பையிலிருந்து ஒரு குழாய் நேராக இறங்கி வருவதுபோல் தெரிகிறது. 'இதோ கிளைக்குழாய்!' என்று மூளை முத்திரை குத்திவிடுகிறது. அதற்குப் பிறகு, 'இது கொஞ்சம் தடிமனாக இருக்கிறதே' என்று தோன்றினாலும், 'வீங்கியிருக்கும்' என்று அதுவே சமாதானமும் சொல்லிக்கொள்ளும். தட்டைத் திரை, உருப்பெருக்கம், தொடு உணர்ச்சி இல்லாமை எல்லாம் இந்த மயக்கத்துக்கு எண்ணெய் வார்க்கின்றன.

இந்த ஆய்வை முதன்முதலில் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. கை தப்பு என்றால் பயிற்சி செய்து திருத்தலாம். 'எனக்குத் தெரியும்' என்ற நினைப்பை எப்படித் திருத்துவது?

சந்தேகப்படக் கற்றுக்கொள்வது

அதற்கும் வழி இருக்கிறது. அமெரிக்க அறுவை நிபுணர் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் 1990-களின் நடுவில் ஒரு விதியைச் சொன்னார். கிளைக்குழாயைத் தேடிப் பிடிக்காதே. பித்தப்பையைச் சுற்றிச் சுத்தம் செய். குழாய்களுக்கும் கல்லீரலுக்கும் நடுவே உள்ள முக்கோணத்தில் கொழுப்பு முழுவதையும் அகற்று. பித்தப்பையின் அடிப்பகுதி மூன்றில் ஒரு பங்காவது கல்லீரலை விட்டுப் பிரிந்து, பின்னால் கல்லீரல் பளிச்சென்று தெரிய வேண்டும். பித்தப்பைக்குள் இரண்டே இரண்டு சங்கதிகள் நுழைவது, முன்பக்கமும் பின்பக்கமும் திரும்பிப் பார்த்தாலும் தெரிய வேண்டும். மூன்றும் தெரிந்த பிறகே கத்தரி! ஒன்று குறைந்தாலும் வெட்டக் கூடாது. முதுகைப் பார்த்து 'மாமா' என்று கூப்பிடாமல், முன்னால் போய் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுவது.

கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். அவசர நாளில், அடுத்த கேஸ் வெளியே காத்திருக்கும்போது இதைப் பின்பற்றுவதற்கு மனக்கட்டுப்பாடு வேண்டும். நல்ல தியேட்டர்களில் வெட்டுவதற்கு முன் ஒரு கணம் கையை நிறுத்திவிட்டு, கேமராவைப் பின்னால் இழுத்து முழுக் காட்சியையும் பார்ப்பார்கள். கிட்டப்போய்ப் பெரிதாகப் பார்க்கப் பார்க்க, நாம் எங்கே இருக்கிறோம் என்பது மறந்துபோகும் அல்லவா? அதற்காக. "எல்லாருக்கும் சரியாப் படுதா?" என்று கேட்பார்கள். ஜூனியர் பெண் "சார், எனக்குச் சந்தேகமா இருக்கு" என்று தைரியமாகச் சொல்லக்கூடிய தியேட்டராக அது இருக்க வேண்டும். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் சீஃபிடம் அப்படிச் சொல்வது லேசில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வழி தெரியாத ஊரில் கோயில் கோபுரத்தை அடையாளம் வைத்து நடப்பதுபோல அடையாளங்களும் உண்டு. பிரெஞ்சு உடற்கூறு நிபுணர் ரூவியே 1924-ல் விவரித்த ஒரு பள்ளம் பெரும்பாலான கல்லீரல்களின் வலது அடிப்பக்கத்தில் இருக்கிறது. மெயின் குழாய் அந்த மட்டத்திலோ அதற்குக் கீழேயோதான் இருக்கும். அதற்கு மேலே வேலை செய்தால் பத்திரம். கிளிப் போடும்போது அது குழாயின் முழு அகலத்தையும் தழுவவில்லை என்றால் 'இது கிளைக்குழாய்தானா?' என்று நின்றுவிட வேண்டும். சந்தேகம் தீரவில்லை என்றால் குழாய்க்குள் மருந்து செலுத்தி, மேஜையிலேயே எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்கலாம்.

இப்போது சில ஆஸ்பத்திரிகளில் இன்னொரு வசதி. ஆபரேஷனுக்கு முன்பே இன்டோசயனின் கிரீன் என்ற சாயத்தை நரம்பில் ஊசியாகப் போட்டுவிடுவார்கள். கல்லீரல் அதைப் பித்தநீரோடு வெளியேற்றும். தனி அகச்சிவப்பு ஒளியும் அதற்கான கேமராவும் இருந்தால், கொழுப்புக்குள் மறைந்திருக்கும் பித்தக்குழாய்கள் திரையில் பச்சைப் பசேலென்று ஒளிரும்! முதல் முறை பார்த்தபோது தீபாவளி மத்தாப்பு மாதிரி இருந்தது எனக்கு. ரொம்பத் தடித்த கொழுப்பாக இருந்தால் ஒளி ஊடுருவாது என்பதால் இதையே நம்பி உட்காரவும் முடியாது.

முப்பரிமாணக் கேமராவும் உண்டு. சினிமாத் தியேட்டர் மாதிரி கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். 1990-களில் வந்தவற்றைப் பார்த்தால் தலைசுற்றலும் தலைவலியும்தான் வந்தன. இப்போதுள்ளவை எவ்வளவோ தேவலை. அமெரிக்காவில் 2000-ல் அனுமதி பெற்ற டாவின்சி ரோபோவில் ஆழமும் தெரிகிறது, கை போகும் திசையிலேயே கருவியும் போகிறது, நடுக்கம் வடிகட்டப்படுகிறது. செலவு மட்டும் எகிறுகிறது. சாதாரணப் பித்தப்பைக் கல்லுக்கு ரோபோதான் வேண்டும் என்று நீங்கள் கடன் வாங்கத் தேவையில்லை, என் அபிப்பிராயம் இது.

விலையே இல்லாத வழிகளும் இருக்கின்றன. திரையை எங்கே வைப்பது என்பதே ஒரு மருந்து. டாக்டர் கழுத்தைத் திருப்பாமல், கண், கை, உறுப்பு, திரை நான்கும் ஒரே கோட்டில் வரும்படி, கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே திரை இருக்க வேண்டும். பக்கவாட்டில் திரை இருந்தால் வேலை தாமதமாகிறது, தப்புகள் கூடுகின்றன. 1998-லேயே ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் டாக்டர் குஷியரி குழுவினர் சோதித்துப் பார்த்து, கைகளுக்கு நேர் எதிரே, கை உயரத்தில் படம் தெரிந்தால் வேலை நன்றாக அமைகிறது என்று காட்டினார்கள். நல்ல டாக்டர் ஆபரேஷன் தொடங்குமுன் ஸ்டூல், திரை, மேஜை உயரம் என்று ஐந்து நிமிஷம் 'படுத்தி' எடுப்பது இதனால்தான். கேமரா லென்ஸை வெந்நீரில் சூடாக்கி உள்ளே விடுவதும் அப்படித்தான். இல்லாவிட்டால் மூக்குக்கண்ணாடியோடு சூடான காப்பி குடிப்பது போல ஆவி படிந்துவிடும்.

பயிற்சி இல்லாமல் இவை எதுவும் பலிக்காது. ஒரு பெட்டி, உள்ளே ஒரு கேமரா, இரண்டு இடுக்கிகள். ஒரு கிண்ணத்திலிருந்து கொண்டைக்கடலையை எடுத்து இன்னொரு கிண்ணத்தில் போட வேண்டும். முதல் நாள் பத்துக் கடலைக்குள் முதுகு நனைந்துவிடும். பிறகு திராட்சையைத் தோலுரிப்பது, கோழித் தோலில் தையல் போடுவது. மூளை மெல்ல மெல்ல 'வலது என்றால் இடது' என்பதை மறந்தே போகும். முனை தன் விரலாகவே ஆகிவிடும். ஆழம் தெரியாத குறையை நிழல், கருவியின் அளவு, எது எதை மறைக்கிறது, கேமரா அசையும்போது எது வேகமாக நகர்கிறது என்பதையெல்லாம் வைத்து மூளையே ஈடுகட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் பொது அறுவை சிகிச்சைச் சான்றிதழ் பெற இந்த மாதிரிப் பெட்டிப் பரீட்சையைப் பாஸ் செய்தாக வேண்டும். நம் நாட்டிலும் பல மருத்துவக் கல்லூரிகளில் பயிற்சிக்கூடங்கள் வந்துவிட்டன. எல்லா இடத்திலும் கட்டாயமாகவே இருக்க வேண்டும் என்பேன்.

ஒரு வேடிக்கை. வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வீடியோ கேம் விளையாடிய பழக்கம் இருந்த அறுவை டாக்டர்கள், பயிற்சிப் பெட்டியில் 37 சதவிகிதம் குறைவாகத் தப்புச் செய்தார்கள், 27 சதவிகிதம் வேகமாக முடித்தார்கள் என்று 2007-ல் ஓர் ஆய்வு சொன்னது. பிள்ளைகளிடம் இதைப் படித்துக் காட்டிவிடாதீர்கள்! அது 33 டாக்டர்களிடம், நோயாளி மீது அல்ல, பெட்டியில் செய்த ஆய்வு. விளையாட்டால் கை தேறியதா, கை தேறியவர்கள் விளையாட்டை விரும்பினார்களா என்பதும் அதிலிருந்து தெரியாது.

"கீஹோல்னுதானே சொன்னீங்க?"

இனி உங்கள் பங்கு. ஒரு நாள் தியேட்டருக்குள் உள்ளே பார்த்தால் பித்தப்பை பழைய அழற்சியால் கல்லீரலோடும் குடலோடும் ஒட்டிப்போய்க் கிடக்கிறது. எது எங்கே என்று தெரியவில்லை. டாக்டர் செய்ய வேண்டியது என்ன? லேப்ராஸ்கோப்பியை விட்டுவிட்டு வயிற்றைத் திறப்பது. அல்லது குழாய்ப் பக்கமே போகாமல் பித்தப்பையின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துவிட்டு வருவது. இரண்டுமே தோல்வி அல்ல. வெளியே வந்தால் என்ன நடக்கும் தெரியுமா? "கீஹோல்னுதானே சொன்னீங்க? இப்படிக் கிழிச்சிருக்கீங்களே! ஏதோ தப்பு நடந்திருக்கு" என்று உறவினர்கள் சூழ்ந்துகொள்வார்கள். இந்தச் சண்டைக்குப் பயந்தே, திறக்க வேண்டிய இடத்தில் 'இன்னும் பத்து நிமிஷம் பார்ப்போமே' என்று ஒரு டாக்டர் இழுத்தால், அந்தப் பத்து நிமிஷத்தில்தான் மெயின் குழாய் வெட்டுப்படும். ஆகவே சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்பே, "தேவைப்பட்டா திறந்துடுங்க டாக்டர், எங்களுக்குச் சம்மதம்" என்று வாய் திறந்து சொல்லிவிடுங்கள். அவர் தோளில் இருந்து பெரிய பாரம் இறங்கும்.

கேள்வியும் கேளுங்கள். "முக்கோணத்தை முழுசாப் பார்த்துட்டுத்தானே வெட்டுவீங்க? குழாய் தெரியலேன்னா என்ன செய்வீங்க? எக்ஸ்-ரே வசதி இருக்கா?" நல்ல டாக்டர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

வலி வந்தும் நாட்களைக் கடத்தாதீர்கள். பித்தப்பை அழற்சிக்கு முதல் சில நாட்களுக்குள் ஆபரேஷன் செய்தால் உள்ளே எல்லாம் ஓரளவு தெளிவாகப் பிரியும். 'கல்யாணம் முடியட்டும், ஆடி போகட்டும்' என்று நான்கு முறை வலி தாங்கிவிட்டு வந்தால் ஒட்டிப்போய், டாக்டரின் கண்ணுக்குக் கட்டுப் போட்ட மாதிரிதான். வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்து, வலியே இல்லாத கல் தற்செயலாகத் தெரிந்தால் சங்கதி வேறு. பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷனே வேண்டியிருக்காது.

ஆபரேஷன் வீடியோவைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் ஆர்வம் சிலருக்கு. அந்தக் காலத்தில் கேசட்டாகவே கையில் கொடுத்த டாக்டர்கள் உண்டு. பாருங்கள், ஆனால் பயப்படாதீர்கள். உருப்பெருக்கத்தில் ஒரு சொட்டு ரத்தம் திரை முழுக்க வெள்ளம் போலத் தெரியும். அதுவும் ஒரு பார்வை மயக்கம்தான்!

வீட்டுக்கு வந்த பின் முதல் இரண்டு மூன்று நாள் வலது தோள்பட்டை வலிக்கலாம். உள்ளே செலுத்திய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது. எழுந்து நடந்தால் போய்விடும். ஆனால் வயிற்று வலி நாளுக்கு நாள் குறையாமல் கூடினால், காய்ச்சல், நிற்காத வாந்தி, வயிறு உப்பல் இருந்தால், கண்ணோ சிறுநீரோ மஞ்சளானால், மலம் வெளிறிப் போனால் அன்றைக்கே ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். "கேஸ் டிரபிளா இருக்கும்" என்று சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். குழாயில் கோளாறு என்றால் முதல் சில நாட்களில் கண்டுபிடித்து, அதில் கைதேர்ந்த மையத்துக்கு அனுப்பினால் சரிசெய்வதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. வெளியே எடுத்த பித்தப்பையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆகலாம். தையல் பிரிக்கப் போகும்போது அதையும் கேட்டு வாங்கி ஃபைலில் வையுங்கள்.